பால்பாண்டி கட்டிய அன்பு வேஷம்

போடி ஜீப்பு ஸ்டாண்டுப் பக்கம் பால்பாண்டியின் முகத்தைப் பார்க்காதவர் இருக்கலாம், அவர் சத்தத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பாதிப்பேர் வீட்டில் அலாரம் வைப்பதே இல்லை. விடியக் கருக்கலில் அவர் அன்றைக்கு முதல் ஆளைத் திட்டுகிற சத்தம் கேட்டால், தூக்குவாளியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிக் கிளம்பிவிடுவார்கள்.

அந்தத் தொண்டை வளர்ந்த இடம் ராசிங்காபுரத்துச் சோளக்காடு. சின்ன வயதில் குருவி விரட்டுவதற்கு அவருடைய அப்பா அவரைப் பரண்மேல் ஏற்றி உட்கார வைத்தார். மற்ற பையன்களுக்கெல்லாம் தட்டுவதற்குத் தகர டப்பா கொடுத்தார்கள். இவருக்குக் கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை. தேவாரம் பக்கம் தோட்டத்தில் இறங்கிய யானை ஒன்று தன் சத்தத்தைக் கேட்டு வந்த வழியே திரும்பிப் போனதாகவும் சொல்லுவார். யானையைக் கண்டுபிடித்து விசாரித்தால்தான் உண்மை தெரியும்.

பிறகு ஜீப்பில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, போடிமெட்டு வளைவுகளில் இத்தனை வருடமும் ஒரு கீறல் விழாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். ஸ்டீயரிங்கில் கை வைத்தால் வாயும் கூடவே ஓட வேண்டும். எதிரே வரும் லாரியைத் திட்டுவார், லாரி வராவிட்டால் மூடுபனியைத் திட்டுவார், பனியும் இல்லாவிட்டால் கியரைத் திட்டுவார். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களோ, முதல் வளைவு வருவதற்குள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குறட்டை விடுவார்கள். டிரைவர் விழித்திருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி என்ன வேண்டும்?

அப்படித் தூங்கியவர்களில் ஒருத்திதான் செல்லத்தாய். வேதக்காரப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். "இந்தாளு வஞ்சுக்கிட்டே ஓட்டுனாத்தான் எனக்குக் கண்ணு அசருது" என்று அவள் யாரிடமோ சொன்னது பால்பாண்டி காதுக்கு வந்து, அது கல்யாணத்தில் போய் முடிந்தது. சர்ச்சில் "சம்மதம்" என்று மெதுவாகத்தான் சொன்னதாக இன்றைக்கும் சாதிப்பார். தெருக்கோடி டீக்கடையில் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானத்தின்போது பாஸ்டர் புதுப்பேர் வைக்கவா என்று கேட்டதற்கு, "பவுலுக்கு இங்கிலீசுல பாலுதானய்யா, பாதிப்பேரு ஏற்கெனவே வேதப்பேரு, மிச்சத்த விட்ருங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

ஒரே மகள், பவதாரணி. மதுரையில் நர்சிங் படிக்கிறாள். பால்பாண்டியின் கதையில் வினை வந்தது அவள் வழியாகத்தான், அதுவும் தீபாவளி லீவு முடிந்து அவள் மதுரைக்குக் கிளம்பிய நாளில்.

போடி பஸ் ஸ்டாண்டில் அவளும் அவளோடு படிக்கிற பிள்ளைகளும் வட்டமாக நின்று ஒரு செல்போனுக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பையனும் இருந்தான். பால்பாண்டி டீக்கடையில் நின்றிருந்தார். அப்போது கம்பம் பஸ் ஒன்று பின்னால் எடுத்தது. கண்டக்டர் விசில் ஊதினார், இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பஸ்சின் முதுகு பவதாரணியின் முதுகை நோக்கி வந்துகொண்டே இருந்தது. பால்பாண்டியின் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது.

"ஏய் எருமை! முன்னால வாடி!"

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பவதாரணி திடுக்கிட்டு முன்னால் பாய்ந்தாள். பஸ் அவள் நின்ற இடத்தைத் தடவிவிட்டு, திரும்பி, தன் பாட்டுக்குப் போய்விட்டது. அவள் திரும்பியபோது கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். கண் சிவந்து, மீசை துடிக்க, தேகமெல்லாம் நடுங்கியபடி நிற்கும் அப்பா. அந்தப் பையனோடு நின்றதற்காகத்தான் ஊர் முன்னால் எருமை என்று கூப்பிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டாள். பால்பாண்டிக்கோ நடுக்கத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் வசவாகத்தான் வந்தது. பஸ் என்கிற வார்த்தை மட்டும் வரவில்லை. அழுதுகொண்டே மதுரை வண்டியில் ஏறிப் போனவள், அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டால், "அவரு பக்கத்துல இருக்காரா? இருந்தா அப்புறம் பேசுறேன்" என்பாள். "அவரு வாயில அன்புங்கிற சாமானே கெடையாதும்மா" என்று அவள் சொன்னதை, ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பால்பாண்டியும் கேட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் பாஸ்டரம்மா சுஜாதா கிறிஸ்துமஸ் நாடகம் எழுதினார். வழக்கமாக மூன்று ராஜாக்கள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவருவார்கள் அல்லவா? இந்த வருடம் அந்த மூவருக்குப் பதிலாக விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்று வரங்களே ராஜா வேஷத்தில் பாலகனைப் பார்க்க வரும். விசுவாசம் மெழுகுவர்த்தியோடு வரும், நம்பிக்கை ஏல நாற்றோடு வரும். மூன்றிலும் பெரியதென்று வேதம் சொல்லும் அன்பு கடைசியாக வரும்.

அன்புதான் பெரியது என்பதால் அன்பின் அங்கியையும் கொஞ்சம் பெரிதாகத் தைக்கும்படி தையல்காரரிடம் சொல்லியிருந்தார் பாஸ்டரம்மா. தையல்காரர் பக்தியுள்ளவர். ஜீப்புக்கு உறை போடும் அளவில் தைத்துக் கொடுத்துவிட்டார். அதைப் போட்ட ஆளெல்லாம் உள்ளே காணாமல் போனார்கள். சபையில் அந்த அங்கி பொருந்திய ஒரே உடம்பு பால்பாண்டியுடையது.

செய்தி கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவன் கன்னையன். அவனும் ஜீப்பு டிரைவர்தான், அதே சபைதான். கொஞ்சம் இளவட்டம், பாடகர் குழுவில் முன்வரிசை, பேச்சில் தேன் வடியும். யார் முதலில் ஆள் ஏற்றுவது என்று அவனுக்கும் பால்பாண்டிக்கும் தினம் காலையில் ஒரு சண்டை உண்டு. அவனுக்கு விசுவாசம் வேஷம் கொடுத்திருந்தார்கள். அன்பு வேஷத்தின்மேல்தான் அவனுக்குக் கண்.

பாஸ்டரம்மா பால்பாண்டியைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, நாடகத்துல உங்களுக்கு வசனமே கெடையாது. வந்து முழங்கால் போட்டாப் போதும். ஆனா காலையில ஸ்டாண்டுல ஊரையே வஞ்சுட்டு, சாயங்காலம் அன்புன்னு வந்து நின்னா சனங்க சிரிக்கும். அன்புன்னா பொறுத்துப்போகணும். கோவப்படக் கூடாது. தான் செஞ்சத பீத்திக்கக் கூடாது. கிறிஸ்மஸ் முடியுற வரைக்கும் அப்படியே நடந்து காட்டுங்க. ஒரு வசவு வாயில வந்தாலும் வேஷம் கன்னையனுக்குத்தான்."

"சரிம்மா. கையில என்ன கொண்டாறது? ஒரு கிலோ ஏலப் பச்சக்காயாவது கொண்டாரவா?"

"அன்புக்குக் கையில ஒண்ணும் வேண்டாம்ணே. அதுவே பரிசுதான்."

வெறுங்கையோடு பிள்ளை பார்க்கப் போவது என்ன பழக்கம் என்று பால்பாண்டிக்கு விளங்கவில்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு மகள் வருவாள், சர்ச்சுக்கும் வருவாள். வாயில் இல்லாத அன்பை உடம்பு பூராவும் உடுத்திக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றால், ஒரு "அப்பா"வாவது கிடைக்காதா? அந்த வேஷத்தை அவர் விட முடியாததற்கு அது ஒன்றுதான் காரணம்.

செல்லத்தாய்க்கு இது சரியாகப் படவில்லை. "பின்னாடி பஸ்சு வந்துச்சுன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுபோற சோலி. நான் சொல்லவா?"

"மூச்சு விடாத" என்றார் பால்பாண்டி, பழக்கமில்லாத மெல்லிய குரலில். "செஞ்சத பீத்திக்கக் கூடாதுன்னு பாஸ்டரம்மா சொல்லியிருக்கு. நீ சொன்னாலும் நான் பீத்துன மாதிரிதான்."

மறுநாள் காலை ஜீப்பு ஸ்டாண்டில் ஒரு சத்தமும் இல்லை. பாதிப்பேர் எழுந்திருக்கவே இல்லை. வந்தவர்களை, "வாங்க, பாத்து ஏறுங்க, கால் மிதிபடாம உக்காருங்க" என்றார் பால்பாண்டி. ஏறிய பெண்கள் திரும்பி இறங்கி, இது நம் ஜீப்புதானா என்று நம்பரைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்கள்.

மலையேற்றத்தில் ஒரு கண்ணும் மூடவில்லை. லாரி ஒன்று உரசுவதுபோல் இறங்கி வந்தது. பால்பாண்டி அதற்கு வணக்கம் வைத்தார். பனி மறைத்தது. "பெய்யட்டும், அதுவும் தேவன் கொடுத்ததுதான்" என்றார். நடுச்சீட்டில் உட்காரும் குருவம்மாள், அந்த ஜீப்பில் போகும் பெண்களுக்கெல்லாம் மூத்தவள், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாருக்கேன் குருவம்மா. நீ நல்லாருக்கியா? பிள்ளைக சாப்புட்டுச்சா?"

இதைக் கேட்டதும் குருவம்மாளுக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. மனிதரைக் காத்துக்கருப்பு அடித்துவிட்டது. நல்ல ஆளாக இருந்தவர், யாரோ மந்திரம் வைத்து வாயைக் கட்டிப்போட்டு விட்டார்கள். மறுநாள் கோயில் திருநீறும் எலுமிச்சம்பழமுமாக வந்து, பழத்தை ஜீப்பின் முன்னால் "கர்த்தர் துணை" என்று எழுதியிருந்ததற்கு நேர் கீழே கட்டினாள். திருநீற்றை அவர் நெற்றியில் பூச வந்தபோது பால்பாண்டி தலையைக் குனிந்து கொடுத்தார். அன்பு பொறுத்துப்போக வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்த பாஸ்டரும் பொறுத்துப்போனார்.

தோட்டத்துக் கங்காணி ஒரு மலையாளச் சேட்டன். "எந்து பற்றி பாண்டி, என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுப் பால் இல்லாத கட்டன்சாயா வாங்கிக் கொடுத்தான். சோதனைச்சாவடிப் போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் இவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வந்து, "உங்களுக்கும் எவ்வளவு சிரமம்" என்று இவர் சொன்னதைக் கேட்டு, சந்தேகப்பட்டு ஜீப்பு முழுவதையும் சோதனை போட்டார். பெண்கள் இறங்கி நிற்க, சாக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்தது. குருவம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்கள ஒருக்கா வைங்களேன். தூங்கி எத்தன நாளாச்சு!"

பால்பாண்டியின் நாக்கு நுனிவரை ஒரு வசவு வந்தது. அதை விழுங்கிவிட்டு, "நீங்கல்லாம் தங்கமான பிள்ளைக" என்றார். இரண்டு பெண்கள் அழுதே விட்டார்கள்.

கன்னையன் சும்மா இருப்பானா? தினமும் காலையில் தன் ஜீப்பை இவர் ஜீப்புக்குக் குறுக்கே நிறுத்தினான். இவர் ஏற்றிவைத்த ஆட்களைக் கைபிடித்து இறக்கித் தன் வண்டியில் ஏற்றினான். இவர் குடிக்க வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டு, "சீனி பத்தலண்ணே" என்றான். ஸ்டாண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பால்பாண்டியின் மீசை மேலும் கீழும் போய்வந்தது. அந்த மீசை சாதாரணப்பட்டதல்ல, கன்னத்தில் ஏறி இரண்டு பக்கமும் முறுக்கி நிற்பது. முகத்தில் கோபம் வெளியேற மிச்சமிருந்த ஒரே வாசல் அதுதான்.

"சீனி வாங்கித் தரவா கன்னையா?" என்று கேட்டார் பால்பாண்டி. அவர் குரலைக் கேட்டு அவருக்கே பாவமாக இருந்தது.

இப்படியே கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் வந்தது. பவதாரணியும் வந்தாள். "வாம்மா, களைப்பா இருக்கியா?" என்று அவர் மெதுவாகக் கேட்டதற்கு, அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "இவருக்கு என்ன ஆச்சு?" என்றாள். அவ்வளவுதான். அப்பா என்று சொல்லவில்லை. பால்பாண்டி அங்கியை எடுத்து நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி நாடகத்தை விட்டால் வேறு வழி இல்லை.

சாயங்காலம் சர்ச்சு வாசலில் பெஞ்சுகளை இழுத்துக் கட்டி, மேலே பலகை போட்டு மேடை ஆக்கியிருந்தார்கள். மேடையின் பின்பக்கம், புதுக்கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய குழி. அதை மறைத்து ஒரு நீலத் திரை, திரையில் ஜிகினா நட்சத்திரங்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. அன்பு வேஷத்தில் பால்பாண்டி என்றால் யார்தான் வர மாட்டார்கள்? குருவம்மாள் ஜீப்புப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வரிசையில் பவதாரணி.

மூன்று ராஜாக்களுக்கும் நெஞ்சுவரை தொங்கும் பஞ்சுத் தாடி. பால்பாண்டியின் மீசையில் தாடி நிற்காமல் வழுக்கியதால், செருப்புத் தைக்கிற பசையைத் தாராளமாகத் தடவி, மீசையோடு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தார்கள்.

நம்பிக்கை வந்தது. மருந்துக்கடைக்காரர் ஏல நாற்றை வைத்துவிட்டு ஓரமாகப் போனார். விசுவாசம் வந்தது. கன்னையன் மெழுகுவர்த்தியை ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தான். நன்றாகத்தான் பாடுவான், அதை மறுப்பதற்கில்லை. சுருதி ஏற ஏற அவன் தலை பின்னால் சாய்ந்தது, தலை சாயச் சாயக் கால் பின்னால் போனது. பால்பாண்டி மேடையோரத்தில் தன் முறைக்குக் காத்து நின்றார். அன்பு சாந்தமாக இருக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னையன் இன்னும் ஓரடி பின்னால் வைத்தான். குதிகால் திரையில் பட்டது. திரைக்குப் பின்னால் பலகை இல்லை, குழிதான்.

ஒரு வசவு வந்தால் வேஷம் போச்சு, மகள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் பால்பாண்டிக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்து என்ன செய்ய, தொண்டை கேட்க வேண்டுமே!

"ஏய் எருமை! முன்னால வாடா!"

மைக்கு வீல் என்று கத்தி அடங்கியது. கன்னையன் கண்ணைத் திறக்காமலேயே முன்னால் பாய்ந்தான். அவன் மட்டுமா? முன்வரிசைப் பெண்கள் பாய்ந்தார்கள், பாஸ்டர் பாய்ந்தார், மாட்டுத்தொழுவத்தில் கட்டியிருந்த நிஜ ஆடுகூட ஓரடி முன்னால் வந்தது. கன்னையன் கையிலிருந்த மெழுகுவர்த்தியும் பாய்ந்து, நேராகப் பால்பாண்டியின் பஞ்சுத் தாடிக்குள் போனது.

அன்பின் தாடி பற்றி எரிந்தது.

"பிடுங்குடா கூறுகெட்டவனே, வேடிக்கையா பாக்குற!" என்று அன்பு அலற, விசுவாசம் தாடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். தாடி வந்தது, பசை வந்தது, பசையோடு மீசையும் வந்தது. அந்த வலியில் பால்பாண்டி இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த வசவு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினார். கண்ணை மூடிப் பாடுறவனையும், குழியை மூடாதவனையும், பஞ்சு வாங்கினவனையும், பசை தடவினவனையும், தன் கால் கட்டைவிரலை மிதித்துக்கொண்டு நின்ற ஆட்டையும் ஒருவர் விடாமல் வைதார். வைது முடித்து, மொட்டை உதட்டோடு தொட்டிலுக்கு முன்னால் முழங்கால் போட்டார். வெறுங்கையோடு வரச் சொன்ன இடத்தில் மீசையைக் கொடுத்தாயிற்று.

முன்வரிசையில் குருவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மாரியாத்தா, எங்க அண்ணன மீட்டுக் குடுத்திட்டியே!" பக்கத்திலிருந்த பெண் ஏற்கெனவே அவள் தோளில் சாய்ந்து தூங்க ஆரம்பித்திருந்தாள்.

கன்னையன் மட்டும் திரையைத் தூக்கிக் குழியை எட்டிப் பார்த்தான். உள்ளே கம்பிகள் நட்டக்குத்தலாக நின்றிருந்தன. இரண்டாவது வரிசையிலிருந்து பவதாரணி அவன் எட்டிப் பார்ப்பதையே கவனித்தாள். அவன் திரும்பி வந்து பால்பாண்டியின் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்தான்.

நாடகம் ஒருவழியாக முடிந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் பால்பாண்டி தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தார். இந்த முறை மைக்கு வைத்தே எருமை என்று கத்தியாயிற்று. மகள் இனி இந்த ஊருக்கே வர மாட்டாள்.

யாரோ அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்கள். பவதாரணி. அவள் கையில் மருந்து டியூப் இருந்தது. உதட்டுக்கு மேல் மெதுவாகத் தடவினாள். தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல எனக்குப் பின்னாடி என்ன வந்துச்சு?"

அவர் ஏங்கிக் கிடந்த அந்த "அப்பா" கிடைத்துவிட்டது. ஆனாலும் பால்பாண்டி வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் நின்ற பாஸ்டரம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, வேஷம் முடிஞ்சிருச்சா? இப்பச் சொன்னா பீத்துனதாகுமா?"

பாஸ்டரம்மா வெகுநேரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்ததாலா அழுததாலா என்று சொல்ல முடியாது. "ஆகாதுண்ணே. சொல்லுங்க."

"கம்பம் பஸ்சு" என்றார் பால்பாண்டி. "ரிவர்சுல."

பவதாரணியின் கை நின்றது. பிறகு அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ராசிங்காபுரத்துச் சோளக்காடு அந்த வீட்டில் ஒரு ஆளோடு முடிந்துவிடவில்லை என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"கூறு இருக்கா உங்களுக்கு? இத ஒரு வார்த்த சொல்ல வாய் வலிச்சுச்சா? நான் பாட்டுக்கு அங்க உக்காந்து அழுதுக்கிட்டுக் கெடந்தேன், நீங்க இங்க லாரிக்கு வணக்கம் வச்சுக்கிட்டு இருந்தீங்களாமே! தாடியில தீ பிடிக்கிற வரைக்கும் நிப்பீங்களா? உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் என்ன பண்றது? மூஞ்சியக் காட்டுங்க இப்பிடி!"

தெருக்கோடி டீக்கடையில் மறுபடியும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்கள்.

வாழ்நாள் முழுக்க ஊரையே திட்டியவரை இப்படித் திட்ட அதுவரை ஒருவரும் துணிந்ததில்லை. மொட்டை உதடு எரிய, கண்ணில் நீர் வழிய, பால்பாண்டி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடமாகத் தான் ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது என்ன என்பது, அதைத் தன் பங்குக்கு வாங்கிப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வை தாயி" என்றார்.